போர்முனைக் கடிதக் கட்டு: தேதி வாரியாக அடுக்குவது எப்படி?

திண்ணை:
இரண்டாம் உலகப் போரில் மெட்ராஸ் சாப்பர்ஸில் (ராணுவப் பொறியாளர் படை) இருந்த ஒருவர் எழுதிய கடிதங்களும், வீட்டிலிருந்து அவருக்குப் போனவையும், மொத்தம் 60 இருக்கும். அவர் கடிதங்களில் ஊர்ப் பெயரே இல்லை, உறையில் 'எஃப்.பி.ஓ.' என்று எண் போட்ட வட்ட முத்திரை மட்டும். வீட்டுக் கடிதங்களில் ஆங்கிலத் தேதி இல்லை. சிலவற்றில் குண்டூசி துருவேறி ஒட்டிக் கிடக்கிறது. எங்கே தொடங்குவது?

மைக்கூடு:
முதலில், உறையையும் கடிதத்தையும் பிரித்து வைத்துவிடாதீர்கள். இருக்கும் இடத்தை எழுதக் கூடாது என்பது தணிக்கை விதி. அதனால் முத்திரை எண்தான் துப்பு. அந்த எண் ஊருக்கு அல்ல, களத் தபால் நிலையத்துக்கு (எஃப்.பி.ஓ.) உரியது. படை நகர்ந்தால் அதுவும் நகரும். எண்ணையும் தேதியையும் சேர்த்தே பட்டியலில் பார்க்க வேண்டும். ராணுவத் தபால் சேகரிப்பவர்களிடம் அந்தப் பட்டியல் உண்டு.

வீட்டுக் கடிதங்களில் ௵, ௴, ௳ குறிகளைத் தேடுங்கள்: வருஷம், மாதம், தேதி. சித்ரபானு 1942 ஏப்ரலில் தொடங்குகிறது. சுபானு 1943, தாரண 1944, பார்த்திப 1945. எல்லாரும் சறுக்குவது மார்கழி நடுவில்தான், ஜனவரி பிறக்கும்போது. அங்கிருந்து பங்குனி வரை ஆங்கில வருஷம் ஒன்று கூடும். தாரண ௵ மாசி என்றால் 1945.

செல்லரித்த ஏடு:
மடிப்பை நிமிர்த்த ஈரம் காட்டவே வேண்டாம். அந்தக் காலத்துச் சிப்பாய்களிடம் காப்பியிங் பென்சில் சகஜம். காய்ந்திருக்கும்போது சாம்பல் நிறம். ஒரு சொட்டுத் தண்ணீர் பட்டால் ஊதாவாகக் கரைந்து ஓடிவிடும்.

குண்டூசியை இழுத்தால் துருவோடு தாளும் கிழிந்து வரும். ஊசிக்கும் தாளுக்கும் நடுவே இரு பக்கமும் மெல்லிய பாலியஸ்டர் துண்டைச் செருகி, ஒட்டு விட்ட பிறகு மெதுவாக உருவுங்கள். செல்லோடேப், லேமினேஷன், பி.வி.சி. கவர் மூன்றும் ஆகாது. பாலியஸ்டர் கவர் போதும். வேப்பிலையைத் தாள்களுக்கு இடையில் வைத்தால் கறைதான் மிஞ்சும். ஸ்கேன் 600 டிபிஐ, கலரில், வெற்றுப் பின்பக்கமும் சேர்த்து; தணிக்கை அதிகாரியின் கையெழுத்தோ முத்திரையோ எங்கே இருக்கும் என்று சொல்ல முடியாது.

திண்ணை:
நான்கைந்து கடிதங்களில் ஊதாப் புள்ளிகள் தெரிகின்றன. உள்ளங்கை அகலத்தில், போட்டோ போல ஒன்றும் இருக்கிறது.

செல்லரித்த ஏடு:
புள்ளி காப்பியிங் பென்சில்தான், ஏற்கெனவே ஈரம் பட்டிருக்கிறது. அவற்றைத் தனியாக வையுங்கள். சின்னது ஏர்கிராஃப் ஆக இருக்கலாம்: எழுதிய படிவத்தை 16 மி.மீ. ஃபிலிமில் எடுத்து, சேருமிடத்தில் அச்சிட்டது. போட்டோத் தாள் என்பதால் ஈரப்பதத்தில் ஒட்டிக்கொள்ளும். அதற்கென்று ஒரு கவர் போடுங்கள்.

மைக்கூடு:
கடிதத் தலைப்பில் அவருடைய படை எண் இருந்தால் குறித்துக்கொள்ளுங்கள். சாப்பர்ஸ் ஆவணப் பிரிவு பெங்களூருவில், எம்.இ.ஜி. (மெட்ராஸ் இன்ஜினியர் குரூப்) மையத்தில். பெயரை மட்டும் வைத்துக் கேட்டால் தேடுவது கடினம்.