ஆர்மீனியா ரஷ்யாவின் கையை விட்டுப் போய்விட்டதா?

கரிசல்காரன்:
2023 செப்டம்பரில் அஜர்பைஜான், தன் எல்லைக்குள் ஆர்மீனியர்கள் தனியாட்சி நடத்திவந்த நகோர்னோ-கராபாக் பகுதியை ஒரே நாளில் பிடித்தது. 2020 போர்நிறுத்த உடன்பாட்டின்படி அங்கே நின்றிருந்த ரஷ்ய அமைதிப்படை சுமார் 2,000 பேர். அவர்கள் தடுக்கவில்லை. ஏறத்தாழ ஒரு லட்சம் ஆர்மீனியர்கள் வீடு வாசலைப் போட்டுவிட்டு ஓடிவந்தார்கள். 2025 ஆகஸ்டில் அஜர்பைஜான் அதிபர் அலியேவும் ஆர்மீனியப் பிரதமர் பஷின்யானும் கூட்டறிக்கையில் கையெழுத்திட்டது மாஸ்கோவில் அல்ல, வாஷிங்டனில். இந்த இரு நாடுகளும் இருக்கும் காகசஸ் பகுதியில் ரஷ்யாவின் காலம் முடிந்தது.

பொருநை:
அவ்வளவு அவசரம் வேண்டாம் நண்பரே. ஆர்மீனியாவில் எரிவாயு வினியோகம் ரஷ்ய அரசு எரிவாயு நிறுவனமான காஸ்ப்ரோமின் கிளை நிறுவனத்திடம் இருக்கிறது. அந்நாட்டின் மெட்சமோர் அணு உலைக்கு எரிபொருள் ரஷ்யாவிலிருந்து வருகிறது. ரயில்களை 2008 முதல் ரஷ்ய ரயில்வே ஓட்டுகிறது. அங்கே கியூம்ரி நகரில் உள்ள ரஷ்ய ராணுவத் தளத்துக்கு 2044 வரை ஒப்பந்தம். ரஷ்யா முன்னின்று நடத்தும் யூரேசியப் பொருளாதார ஒன்றியத்திலும் ஆர்மீனியா இன்னும் உறுப்பினர். நாளைக்கே எரிவாயு விலையை ஏற்றினால் தலைநகர் எரெவானில் குளிர்காலத்தை யார் சமாளிப்பது?

கரிசல்காரன்:
கியூம்ரி தளம் இருந்து என்ன பயன்? 2022 செப்டம்பரில் அஜர்பைஜானின் தாக்குதல் நடந்தது கராபாக்கில் அல்ல, ஜெர்முக்கில், அதாவது ஆர்மீனியாவின் சொந்த மண்ணில். ரஷ்யா தலைமையிலான கூட்டுப் பாதுகாப்பு ஒப்பந்த அமைப்பிடம் ஆர்மீனியா முறைப்படி உதவி கேட்டது. படை வரவில்லை, நிலைமையைப் பார்வையிட ஒரு குழுதான் வந்தது. அந்த அமைப்பு எதற்காக இருக்கிறதோ அந்த ஒரே வேலையை அது செய்யவில்லை. அப்புறம்தான் ஆர்மீனியா இந்தியாவிடம் பினாகா ராக்கெட்டும் பிரான்ஸிடம் ரேடாரும் வாங்கப் போனது. 2024-இல் அந்த அமைப்பில் தன் பங்கேற்பையே நிறுத்திவைத்தது. குழாயை மூடுவேன் என்று மிரட்டலாம், ஆனால் நம்பிக்கையைக் குழாய் வழியாக அனுப்ப முடியாது.

மேகலை:
இருவரும் மாஸ்கோ என்ன செய்யும் என்றே பேசுகிறீர்கள். கஜகஸ்தானைப் பாருங்கள். 2022 ஜனவரி கலவரத்தில் அந்நாட்டு அதிபர் தோக்காயெவ் அழைத்ததும் ரஷ்யப் படை போய் இறங்கியது, அதே மாதமே திரும்பியது. ஜூனில் பீட்டர்ஸ்பர்க் மேடையில், புடின் பக்கத்தில் இருக்கும்போதே, உக்ரைனிலிருந்து பிரிந்த தனி நாடுகள் என்று ரஷ்யா ஏற்ற டொனெட்ஸ்க், லுஹான்ஸ்கை அங்கீகரிக்க மாட்டோம் என்றார் தோக்காயெவ். ஆனால் அவர் நாட்டின் ஏற்றுமதி எண்ணெயில் பெரும்பகுதி ரஷ்யத் துறைமுகமான நோவோரோசிஸ்க் வழியாகத்தான் போகிறது. உறவை முறிக்காமலே மறுக்கத் துணிந்திருக்கிறார்கள். இந்த மாற்றம் எனக்குப் பெரிதாகத் தெரிகிறது.

பொருநை:
சரி மேகலை, மறுக்கிறார்கள், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அந்த எண்ணெய்க்கு வேறு பெரிய வழி கிடைக்கும்வரை எவ்வளவு தூரம் மறுக்கலாம் என்ற எல்லையை மாஸ்கோதான் வைக்கும்.