பழைய த்ரில்லர் டிவிடி: இருட்டுக் காட்சி கட்டம் கட்டமா உடையுது, வசனம் தெளிவில்ல

குளச்சல்_கடற்கரை:
அண்ணன்மாருக்கு வணக்கம். கறுப்பு வெள்ளையிலிருந்து 80கள் வரைக்கும் மர்மப் படங்க டிவிடி, விசிடியா இருக்கு. கொஞ்சம் விஎச்எஸ் கேசட்டும் உண்டு. டிவி 43 இஞ்ச். ‘அந்த நாள்’ மாதிரி படத்துல இருட்டு மூலையெல்லாம் கட்டம் கட்டமா நெளியுது, முகம் அகலமாத் தெரியுது. 5.1 (ஆறு ஸ்பீக்கர் ஒலி) வச்சா பின்னணி இசை அலறுது, வசனம் கிணத்துக்குள்ள இருந்து கேக்குற மாதிரி இருக்கு. யூடியூப்ல எச்டின்னு கிடக்குறது இதைவிட நல்லதா? டிவியில என்ன மாத்தணும்?

வேளிமலை:
தம்பி, முதல்ல டிஸ்க்ல எத்தனை படம்னு பாருங்க. இரண்டரை மணி நேரப் படம் ஒண்ணு மட்டும் 8.5 ஜிபி டிஸ்க்ல இருந்தா நொடிக்கு சுமார் 7.5 மெகாபிட் கிடைக்கும். அதே நீளத்துல மூணு படத்தை 4.7 ஜிபி-யில அடைச்சா 1.4 தான். எம்பெக்-2க்கு (டிவிடியில படத்தைச் சுருக்கி வைக்கிற முறை) அது எந்த வகையிலும் காணாது. பிட் பத்தலைன்னா முதல்ல அடி வாங்குறது இருட்டுதான், த்ரில்லர்ல பாதிக் கதை அங்கதானே இருக்கு. மூணு பட டிஸ்க்கை ஒதுக்கிட்டு ஒத்தப் பட டிஸ்க்கைத் தேடுங்க. விசிடி 352x288, 1150 கிலோபிட். அதுல திருத்த ஒண்ணுமில்ல.

டிவியில: ஷார்ப்னஸ் 0, மோஷன் ஸ்மூத்திங், டைனமிக் கான்ட்ராஸ்ட், நாய்ஸ் ரிடக்‌ஷன் மூணும் ஆஃப். அளவு 4:3. 1954-ல வந்த படத்துக்கு அதுதான் சட்டம், பக்கத்துல கறுப்புப் பட்டை வரட்டும். ஜூம் பண்ணி நிரப்புனா உயரத்துல கால் பங்கு போயிரும், தலை வெட்டுப்படும்.

இன்னொண்ணு, நிறைய பேர் கவனிக்காதது: எச்டிஎம்ஐ பிளாக் லெவல் (கறுப்பு எந்த எண்ல தொடங்குதுங்கற செட்டிங்). பிளேயர் 16-லிருந்து 235 வரைக்கும் அனுப்பி, டிவி 0-255ன்னு எடுத்தா கறுப்பு சாம்பலாகி, மறைஞ்சு கிடந்த கட்டமெல்லாம் வெளிய வரும். தலைகீழா இருந்தா இருட்டுல நிக்கிற ஆளே தெரியாது. ரெண்டுலயும் ஒரே ரேஞ்ச் வைங்க. மஞ்சள் பின் கேபிள்ல ஓட்டுனா எழுத்தோரத்துல புள்ளிகள் ஊரும். பிளேயர்ல எச்டிஎம்ஐ இருந்தா அதையே போடுங்க.

தோவாளை_ஒலி:
வசனத்துக்கு 5.1 வேண்டாம். அந்தக் காலத்துப் பிரிண்ட்ல பிலிம் ஓரத்துல ஒரே ஒரு மோனோ ஆப்டிகல் டிராக்தான் (ஒலியை பிலிம்லயே கோடாப் பதிச்சது). டிவிடிக்காக அதைப் பிரிச்சு எக்கோ ஏத்தி ஆறு ஸ்பீக்கருக்கு விட்டதுதான் நீங்க கேக்குறது. ஆடியோ மெனுவில 2.0 (இடம், வலம் ரெண்டு சானல்) இருந்தா அதை எடுங்க, ஆம்ப்ளிஃபையர்ல புரோ லாஜிக் (ரெண்டு சானலைப் பல ஸ்பீக்கருக்குப் பிரிக்கிற முறை) போடுங்க. ரெண்டு பக்கமும் ஒரே ஒலிங்கறதால குரல் நடு ஸ்பீக்கருக்கு வந்துரும். வெறும் ரெண்டு ஸ்பீக்கர்ல குரல் மெலிஞ்சு கேட்டா ஒண்ணுல பிளஸ், மைனஸ் வயர் மாறியிருக்கும்.

இரைச்சலை முழுசா வழிக்கப் போவாதீங்க. ‘அந்த நாள்’ல பாட்டே கிடையாது, பேச்சும் சத்தமும் மௌனமும்தான் படம். ஃபில்டரைக் கூட்டுனா ஹிஸ்ஸோட சேந்து மெல்லிய சத்தங்களும் போயிரும். 8 கிலோஹெர்ட்ஸுக்கு மேல கொஞ்சம் குறைச்சாலே போதும், பழைய ஆப்டிகல் டிராக்ல அதுக்கு மேல பெருசா ஒண்ணுமில்ல.

பால் (PAL, நொடிக்கு 25 பிரேம் டிவி முறை) டிஸ்க்னா 24 பிரேம் படம் 25-ல ஓடும், குரல் 4 சதவீதம் ஏறும். கம்ப்யூட்டர்ல விஎல்சி வேகம் 0.96 வச்சு, டைம் ஸ்ட்ரெச்சிங் ஆஃப் பண்ணுங்க. அது ஆன்ல கிடந்தா வேகம் மட்டும் குறையும், சுருதி இறங்காது.

குளச்சல்_கடற்கரை:
ரொம்ப நன்றி. சில கேசட்ல டேப் மேல வெள்ளையா இருக்கு. ஓட்டிப் பாக்கலாமா?

வேளிமலை:
ஓட்டாதீங்க! அது பூஞ்சை. குளச்சல்ல கடக்காத்தும் ரெண்டு மழையும் சேந்தா மூடி வச்சதுலயும் பிடிக்கும். விசிஆர்ல போட்டா ஹெட்டுக்கு ஏறி அடுத்த கேசட்டுக்கும் பரவும். அதுகளைத் தனியா கவர்ல கட்டி வைங்க. நல்ல கேசட்டை சிலிக்கா ஜெல் போட்டு மூடுற டப்பாவுல, நட்டமா நிறுத்தி வைங்க. ஹெட் துடைக்க 99 சதவீத ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலும் ஷாமி தோலும். காது குடையுற பஞ்சு ஆவாது, நார் ஹெட்ல மாட்டிக்கிடும்.

மார்த்தாண்டம்_ரீல்:
யூடியூப் பத்தி யாரும் சொல்லலியே. 1080ன்னு போட்டிருக்கிறதால நம்பிரக் கூடாது. டைட்டில் எழுத்துல நிறுத்திப் பாருங்க. ஓரத்துல வெள்ளைக் கோடு இருந்தா பழைய டேப்பையோ டிவிடியையோ பெருசாக்கி ஷார்ப் பண்ணினது. ஆள் வேகமா நடக்குறப்ப சீப்புப் பல் மாதிரி கோடு வந்தா இன்டர்லேஸ் (ஒத்தை, இரட்டை வரியாப் பிரிச்சுக் காட்டுற பழைய டிவி முறை) படத்துலயே பதிஞ்சு போச்சு. பிளேயர்ல டீஇன்டர்லேஸ் போட்டாலும் போவாது. முகம் மெழுகு மாதிரி வழவழன்னு இருந்தா கிரெயினை (பிலிமோட பொடிப் புள்ளிகளை) துடைச்சிருக்காங்க, அதைவிட உங்க டிவிடியே மேல். ரீல் முடியப் போற இடத்துல வலது மேல் மூலையில வட்டப் புள்ளி, சுமார் ஏழு நொடி கழிச்சு இன்னொண்ணு தெரிஞ்சா தியேட்டர் பிரிண்ட்லருந்து எடுத்தது. கீறல் இருக்கும், ஆனா பிரேம் பெரும்பாலும் முழுசாக் கிடைக்கும்.

வண்ணப் படம் செவந்து போயிருந்தா பிரிண்ட்ல சயான் சாயம் மங்கியிருக்கும். டிவி ஒயிட் பேலன்ஸ்ல ரெட் கெயினைக் கொஞ்சம் இறக்குங்க. கலர் அளவைக் கூட்டுனா சிவப்புதான் இன்னும் ஏறும்.