டர்ட்டி கவ், டர்ட்டி பைப்: நேரில் பார்த்தவை

2016 அக்டோபரில் டர்ட்டி கவ் (லினக்ஸின் மையப் பகுதியான கெர்னலில் இருந்த பாதுகாப்பு ஓட்டை) பற்றிய செய்தி வந்தபோது ஒரு கல்லூரியின் லினக்ஸ் சர்வர்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன். "லாகின் இருப்பவன்தானே ரூட் (முழு அதிகாரமுள்ள யூசர்) ஆக முடியும், வெளி ஆள் யாரும் வர முடியாதே" என்று மேலே இருந்தவர்கள் திருத்தம் போட்டு ரீபூட் செய்வதைத் தள்ளிப்போடப் பார்த்தார்கள். எங்கள் மாணவர்கள் எல்லோருக்குமே லாகின் உண்டு!

தனியாக ஒரு சோதனை மெஷினில், இந்த ஓட்டையைப் பயன்படுத்தும் நிரலை ஓட்டிக் காட்டினேன். ரூட்டுக்குச் சொந்தமான கோப்பு, மற்றவர்களுக்குப் படிக்க மட்டும் அனுமதி. சாதாரண யூசராக நிரலை ஓட்டிவிட்டுக் கோப்பைத் திறந்தால், பழைய வரி போய் நான் கொடுத்த எழுத்துகள் உட்கார்ந்திருந்தன. அனுமதிகள் மட்டும் அப்படியே இருந்தன. அன்று மாலையே ரீபூட்டுக்குச் சரி சொல்லிவிட்டார்கள்.

நடப்பது இதுதான். அப்படிப்பட்ட கோப்பை நினைவகத்தில் மேப் செய்து எழுத முயன்றால், கெர்னல் தனி நகல் எடுத்து அதில்தான் எழுத வேண்டும். ஒரு த்ரெட் (நிரலுக்குள் இணையாக ஓடும் வேலை) விடாமல் எழுத, இன்னொன்று "அந்த நகல் வேண்டாம்" என்று விடாமல் சொல்லும். இரண்டும் மோதும் ஏதோ ஒரு கணத்தில் எழுத்து மூலக் கோப்பிலேயே விழுந்துவிடும். 2007-இல் வந்த 2.6.22 கெர்னல் முதலே பாதிப்பு; பிழையின் வேர் அதற்கும் முந்தையது. 2016-க்கு 11 ஆண்டுகளுக்கு முன்பே தானே சரிசெய்யப் பார்த்ததாகவும், எஸ்390 (ஐபிஎம் மெயின்ஃப்ரேம்) இயந்திரங்களில் வந்த சிக்கலால் அது விலக்கப்பட்டதாகவும் லினக்ஸை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸ் பேட்ச் (திருத்தம்) குறிப்பிலேயே எழுதியிருக்கிறார். பாதுகாப்பு ஆய்வாளர் ஃபில் ஓஸ்டர் இதைக் கண்டுபிடித்ததே, தாக்குதலுக்குப் பயன்பட்ட நிரல் அவரிடம் சிக்கியதால்தான். அப்புறமும் இதைச் சின்ன விஷயம் என்று எப்படிச் சொல்வது?

* * *

மேலே எழுதியவருக்கு டர்ட்டி கவ்; எனக்கு வாய்த்தது 2022 மார்ச்சில் டர்ட்டி பைப், படிக்க மட்டும் அனுமதியுள்ள கோப்பில் எழுதவிடும் இன்னொரு கெர்னல் ஓட்டை. லாக் கோப்புகள் ஏன் கெட்டுப்போகின்றன என்று மாக்ஸ் கெல்லர்மான் என்ற நிரலாளர் மாதக்கணக்கில் துருவினார். கடைசி 8 பைட்டுகள் மட்டும் மாறியிருப்பதைப் பிடித்துக்கொண்டு கெர்னல் வரை போய்விட்டார். அந்தப் பொறுமை மேல் எனக்குப் பெரிய மரியாதை.

கெர்னல் 5.8 முதல் பாதிப்பு, 5.10.102, 5.15.25, 5.16.11-இல் திருத்தம் வந்தது. எங்கள் இடத்தில் "பேட்ச் போட்டாச்சு" என்று பட்டியல் முழுக்கப் பச்சையாக வந்தது. சந்தேகப்பட்டு ஒவ்வொரு சர்வரிலும் யூநேம் (ஓடும் கெர்னலின் எண்ணைக் காட்டும் கட்டளை) போட்டுப் பார்த்தேன். பலவற்றில் பழைய கெர்னலே ஓடிக்கொண்டிருந்தது: பேக்கேஜ் இறங்கியிருக்கிறது, ரீபூட் ஆகவில்லை. அதிலும் சில, வெவ்வேறு வாடிக்கையாளர்களின் கன்டெய்னர்கள் (ஒரே மெஷினில் தனித்தனியாகப் பிரித்து ஓட்டப்படும் நிரல்கள்) ஓடும் மெஷின்கள். கன்டெய்னர் எத்தனை இருந்தாலும் அடியில் கெர்னல் ஒன்றுதான். அவற்றைத்தான் முதலில் காலி செய்து ரீபூட் செய்தோம். இப்போது பட்டியலில் பேக்கேஜ் எண்ணுக்குப் பக்கத்திலேயே ஓடும் கெர்னலின் எண்ணுக்கும் ஒரு கட்டம் இருக்கிறது. இரண்டும் ஒத்துப்போனால்தான் பச்சை.