லேன் கேபிள் செருகியும் பிரின்டர் ஆஃப்லைன்: 169.254 என்று முகவரி காட்டுகிறது

கேள்வி:
வணக்கம். சின்ன ஆபீஸ், ஐந்து பேர். லேசர் பிரின்டர் இதுவரை ஒரே கம்ப்யூட்டரில் யூஎஸ்பியில் இருந்தது; மற்றவர்கள் பென்டிரைவோடு வரிசையில் நிற்போம். இப்போது லேன் கேபிள் வாங்கி, பிரின்டருக்குப் பின்னால் ஒரு முனை, மேஜைக்கடியில் இருக்கும் நெட்வொர்க் ஸ்விட்சில் (லேன் கேபிள்களை இணைக்கும் பெட்டி) ஒரு முனை என்று செருகியாயிற்று. பச்சை விளக்கு எரிகிறது. ஆனால் யார் கம்ப்யூட்டரிலும் பிரின்டர் தெரியவில்லை. மெனுவில் ஐபி முகவரி 169.254.83.12 என்று இருக்கிறது. இன்டர்நெட் எல்லாருக்கும் நன்றாகவே வருகிறது. டிரைவரை இரண்டு முறை போட்டுப் பார்த்துவிட்டேன்.

பதில் 1:
டிரைவரை விடுங்கள், அது பாவம். 169.254 என்று தொடங்கினால், ரவுட்டரிடம் முகவரி கேட்டு, பதில் வராமல், பிரின்டர் தானே ஒன்றை வைத்துக்கொண்டது என்று அர்த்தம். பச்சை விளக்கு ஸ்விட்ச் வரைக்கும்தான் சாட்சி. லேப்டாப்பில் வைஃபையை அணைத்துவிட்டு, பிரின்டரில் இருக்கும் அதே கேபிளை மாட்டிப் பாருங்கள்.

பதில் 2:
சில மாடல்களில் வைஃபை ஆனில் இருந்தால் லேன் வேலை செய்யாது. அதையும் பார்த்துவிடுங்கள்.

கேட்டவர்:
இதில் வைஃபையே கிடையாது. லேப்டாப்பிலும் அதே 169.254! மேஜைக்கடியில் படுத்துப் பார்த்தேன். ஸ்விட்சிலிருந்து ரவுட்டருக்குப் போகும் கேபிளின் பிளக்கில் கிளிப் உடைந்திருக்கிறது. பெருக்கும்போது விளக்குமாறு பட்டுக் கழன்றிருக்க வேண்டும். நாங்கள் எல்லாரும் வைஃபையில் இருப்பதால் எத்தனை நாளாக அப்படிக் கிடந்ததோ! அழுத்திச் செருகி, பிரின்டரை அணைத்துப் போட்டதும் 192.168.1.37 வந்துவிட்டது. டெஸ்ட் பேஜும் வந்தது.

பதில் 1:
கிளிப் இல்லாத பிளக் மறுபடி கழலும். கேபிளை மாற்றுங்கள், இல்லையென்றால் புது பிளக் கிரிம்ப் செய்யச் சொல்லுங்கள். அப்புறம், அந்த 37 நிரந்தரமில்லை. ரவுட்டர் வேறு எண் கொடுத்த அன்றைக்குத் திரும்பவும் ஆஃப்லைன்தான். பிரின்டரின் மேக் முகவரியை (அந்தக் கருவிக்கே உரிய அடையாள எண்) அதன் கான்ஃபிகரேஷன் பேஜில் பார்த்து, ரவுட்டரில் டிஎச்சிபி ரிசர்வேஷன் போட்டுவிடுங்கள்; அப்போது ரவுட்டர் எப்போதும் அதே ஐபி எண்ணையே கொடுக்கும். பிரின்டரிலேயே கையால் எண் போடுவதானால், ரவுட்டர் பங்கிடும் எண்களுக்கு வெளியே ஒன்றைப் போடுங்கள். விண்டோஸில், அது தானாகக் கண்டுபிடித்துச் சேர்க்கும் டபிள்யூஎஸ்டி போர்ட்டில் விடாமல், முகவரியைக் கொடுத்து டிசிபி/ஐபி போர்ட்டாகச் சேருங்கள்.

கேட்டவர்:
ரிசர்வேஷன் போட்டாயிற்று, கேபிளும் புதுசு. மூன்று கம்ப்யூட்டரில் சேர்த்துவிட்டேன். மீதி இருவர் இன்னும் பென்டிரைவோடுதான் வருகிறார்கள்.