‘ஆற்றல் மீட்பா’, ‘ஆற்றல் ஈட்டலா’?

கஞ்சிக்கோட்டிலிருந்து:

வணக்கம். கார்பன் டை ஆக்சைடு பிடிக்கும் ஆலையின் ‘எனர்ஜி ரெக்கவரி’க்கு ‘ஆற்றல் ஈட்டல்’ என்று எழுதியிருந்தீர்கள். எனக்கு உடன்பாடில்லை. ஈட்டுவது என்றால் இல்லாத ஒன்று கைக்கு வர வேண்டும். இங்கே நாம் போட்ட வெப்பம்தான், அடகு வைத்த நகைபோல, திரும்புகிறது. வட்டி போனது போனதுதான். ஆகவே ‘வெப்ப மீட்பு’.

கணக்கைப் பாருங்கள். வாயுவைப் பற்றும் வேதிப்பொருளான மோனோஎத்தனால் அமீனின் 30 விழுக்காட்டுக் கரைசல், உறிஞ்சுகோபுரத்தில் 50 டிகிரி வாக்கில் வாயுவை ஏற்றிக்கொள்கிறது, பிரிகோபுரத்தின் அடியில் 120 டிகிரியில் இறக்குகிறது. ஒரு டன் வாயுவுக்குச் சுமார் 18 டன் கரைசல் சுற்றியாக வேண்டும். அதை 50இலிருந்து 120க்கு ஏற்றவே 4.8 கிகாஜூல் போகும். திரும்பி வரும் சூட்டுக் கரைசலைத் தகட்டு வெப்பமாற்றி வழியாக விட்டு, அதன் சூட்டை எதிரே போகும் குளிர்ந்த கரைசலுக்குக் கொடுத்து, இரண்டின் வெப்பநிலையையும் 10 டிகிரி இடைவெளி வரை நெருங்கவிட்டால், நீராவியிலிருந்து இதற்குத் தர வேண்டியது 0.7தான். தகட்டில் படிவு கட்டி இடைவெளி 20 ஆனால் இன்னொரு 0.7 சேரும்.

வாயு ஏற்றிய கரைசலின் அழுத்தத்தைக் குறைக்கும் வால்வை வெப்பமாற்றிக்குப் பின்னால், பிரிகோபுரத்தை ஒட்டி வையுங்கள். முன்னால் வைத்தால் வாயு தகடுகளுக்குள்ளேயே பிரியும். அதிர்வு, அரிப்பு இரண்டும் வரும். மீட்பு கூடட்டும் என்று பிரிகோபுரத்தின் அடிச்சூட்டை 125க்கு மேல் தள்ளினால் அமீனே சிதையும்.

நகரியிலிருந்து:

‘வெப்ப மீட்பு’ சரி. ஆனால் ‘ஈட்டல்’ என்ற சொல்லைத் தூக்கி எறிய வேண்டாம், அதற்கும் ஒரு வேலை இருக்கிறது. 2013இல் நெதர்லாந்தின் வெட்சஸ் ஆய்வகத்தில் கார்பன் டை ஆக்சைடு கரைந்த நீரையும் காற்று கரைந்த நீரையும் அயனிச் சவ்வு போர்த்திய மின்தேக்கி மின்முனைகளிடையே மாற்றி மாற்றி ஓட்டினார்கள். செறிவு வேறுபாட்டிலிருந்தே மின்சாரம் வந்தது: நீரில் சதுர மீட்டருக்கு 0.28 மில்லிவாட், நீருக்குப் பதில் அமீன் கரைசலில் 4.5. வாயுவைக் குமிழிட்டுக் கரைக்க ஆகும் மின்சாரம் இதைவிட அதிகம் என்பது வேறு விஷயம். ஆனாலும் அது நாம் போட்ட வெப்பம் அல்ல.

இன்னொன்று, வாயுவை ஏற்றிக்கொண்ட ‘ரிச்’, இறக்கிவிட்ட ‘லீன்’ கரைசல்களுக்கு ‘நிறைகரைசல்’, ‘குறைகரைசல்’ வேண்டாம். பள்ளிப் பாடத்தில் நிறை என்றால் வேறு.

கஞ்சிக்கோட்டிலிருந்து:

ஒப்புக்கொள்கிறேன், இரண்டும் இருக்கட்டும். கரைசல்களுக்கு ‘ஏற்றிய கரைசல்’, ‘இறக்கிய கரைசல்’ போதாதா? வாளையாறு செக்போஸ்டில் நிற்கும் லாரிக்காரருக்கும் புரியும். ஒரே குறை, இறக்கிய கரைசல் காலி வண்டி இல்லை. பாதிக்குச் சற்றுக் குறைவான சரக்கோடுதான் திரும்புகிறது.