நரம்பொட்டிப் படர்வு: மண்டையடிப் புற்றுக்கு ஒரு சொல் போதுமா?

காது மூக்கு தொண்டைப் பிரிவிலிருந்து

எல்லோருக்கும் வணக்கம்.

முகத்தின் ஆழத்தில், மண்டையோட்டின் அடித்தளத்தை ஒட்டி வரும் அரிய கட்டிகளைப் பற்றி நோயாளருக்கான தமிழ்க் கைந்நூல் ஒன்று எழுத வேண்டியுள்ளது. கிண்ணியாவிலோ மூதூரிலோ குச்சவெளியிலோ இருக்கும் ஒருவருக்கு மேல்முரசு விறைத்தால் அவர் முதலில் பல் கிளினிக்குக்குத்தான் போவார். அங்கிருந்து திருகோணமலை, பிறகு கண்டி அல்லது கொழும்பு, கதிர்ச் சிகிச்சைக்கு மகரகம என்று பயணம் நீளலாம். ஒவ்வோர் இடத்திலும் ஒவ்வொரு சொல் கேட்டால் அவருக்குத் தன் நோய் என்னவென்றே பிடிபடாது. ஆகவே இன்று ஒரே ஒரு சொல்லைப் பேசி முடிப்போம்.

சில புற்றுகள், குறிப்பாக உமிழ்நீர்ச் சுரப்பிகளில் வரும் அடினொயிட் சிஸ்டிக் கார்சினோமா, தொடங்கிய இடத்தில் நில்லாமல் அருகிலுள்ள நரம்பைப் பிடித்துக்கொண்டு மண்டைக்குள் ஏறும். அண்ணத்தில் இருக்கும் சிறு கட்டி அண்ண நரம்பு வழியே மேலேறி, மேற்றாடைக் காற்றறையின் பின்சுவருக்குப் பின்னால் உள்ள சின்னக் குழிக்குள் வரும். அதற்குச் 'சிறகண்ணக் குழி' என்ற பெயரைச் சென்ற முறை ஏற்றுக்கொண்டோம். அங்கிருந்து மண்டையடியிலுள்ள வட்டத்துளை வழியாக, கண்ணுக்குப் பின்னால் மண்டைக்குள் இருக்கும் நாளக் குடாவான கவெர்னஸ் சைனஸுக்கும், அதற்கும் பின்னால், முகத்துக்கு உணர்வு தரும் முக்கிளை நரம்பின் கணு இருக்கும் மெக்கல் குகைக்கும் போகும். அதே நரம்பின் கீழ்த்தாடைக் கிளையைப் பிடித்தால் பாதை வேறு: கன்னப்பொறிக்கீழ்க் குழி, நீள்வட்டத்துளை, பிறகு அதே மெக்கல் குகை.

இந்தப் போக்குக்கு 'நரம்புவழிப் பரவல்' என்று வைக்கலாம் என்பது என் முன்மொழிவு. எளிது, சொன்னவுடன் விளங்கும். கருத்துச் சொல்லுங்கள்.

கதிரியல் பிரிவிலிருந்து

டொக்டர், சொல் நல்லது. ஆனால் ஒரு சொல்லால் இரண்டு பொருளை மூடப் பார்க்கிறீர்கள். எனக்கு அதில் பெரிய கவலை.

நோயியல் அறிக்கையில் நுணுக்குக்காட்டி வழியே காணும் ஒன்று உண்டு: வெட்டியெடுத்த கட்டிக்குள்ளேயே, மெல்லிய நரம்பு ஒன்றின் சுற்றளவில் மூன்றிலொரு பங்கையாவது புற்றுக் கலங்கள் சூழ்ந்திருக்கும், அல்லது நரம்புறையின் மூன்று படைகளில் ஏதாவது ஒன்றுக்குள் நுழைந்திருக்கும். அந்த நரம்புக்குப் பெரும்பாலும் பெயர்கூட இராது. ஸ்கானில் அதைக் காணவே முடியாது. நான் எம்.ஆர்.ஐ.யில் காண்பது வேறு. மூலக் கட்டியிலிருந்து தள்ளி, பெயருள்ள ஒரு நரம்பு தடித்து, மருந்தேற்றிய பின் ஒளிர்ந்து, துளையை விரித்துக்கொண்டு மண்டைக்குள் போவது. முதலாவது இருந்து இரண்டாவது இல்லாத நோயாளர் பலர். இரண்டையும் ஒரே சொல்லால் எழுதினால், நோயியல் அறிக்கையைத் தமிழில் வாசிக்கும் குடும்பம் 'மூளைக்குப் போய்விட்டது' என்று எண்ணிக்கொள்ளும். மறுபக்கம், கதிர்ச் சிகிச்சைப் பிரிவு உண்மையில் மண்டைக்குள் போனதைச் சிறிய நரம்பு விவகாரம் என்று எடுத்துக்கொண்டால் அதைவிடக் கேடு.

ஸ்கான் பற்றியும் கைந்நூலில் ஒரு பக்கம் வேண்டும் என்பதால் இங்கேயே எழுதிவிடுகிறேன். சிறகண்ணக் குழியில் இயல்பாகக் கொழுப்பு இருக்கும். கொழுப்பை அடக்காத, ரீ1 என்ற வகை எம்.ஆர்.ஐ. படத்தில் அது வெள்ளையாகத் தெரியும். அந்த வெள்ளை மங்கிச் சாம்பலானால் அதுவே முதல் அடையாளம். ஆகவே மருந்தேற்றுமுன் எடுக்கும் அந்தச் சாதாரணப் படத்தை நேரம் மிச்சம் பிடிக்கவென்று விடக்கூடாது. பிறகு ஒளிரச் செய்யும் மருந்தான கடோலினியம், உடல் நிறையின் ஒவ்வொரு கிலோவுக்கும் 0.1 மில்லிமோல், கொழுப்படக்கிய படம். வெட்டுத் தடிப்பு 3 மில்லிமீற்றருக்கு மேற்படக்கூடாது. மேலே கவெர்னஸ் சைனஸ் முழுவதும், கீழே தாடையின் கீழ்விளிம்பு வரை. பாதி முகத்தோடு நின்றுபோன ஸ்கானால் பயனில்லை. சீ.ரீ.யில் 1 மில்லிமீற்றருக்குக் குறைந்த எலும்புப் படங்கள் வேண்டும். துளை மெதுவாக, விளிம்பு சீராக விரிந்திருந்தால் நரம்புக் கட்டியா என்றும் யோசிக்க வேண்டும். அரித்துத் தின்றிருந்தால் கதை வேறு.

ஏமாற்றும் இடங்கள் இரண்டு. துளைக்குள் நரம்பைச் சுற்றி இயல்பாகவே ஒரு நாளவலை உண்டு. அது ஒளிர்ந்தால் ஓரத்தில் வளையம், நடுவில் கறுத்த நரம்பு என்று தெரியும். அது நோயல்ல. நடுவும் சேர்ந்து ஒளிர்ந்தால்தான் பயப்பட வேண்டும். இரண்டாவது, கீழ்த்தாடைக் கிளை அடிபட்டால் மெல்லும் தசைகள் முதல் வாரங்களில் வீங்கி ஒளிரும். புதிதாகப் பார்ப்பவர் அதையும் கட்டி என்று எழுதிவிடுவார். மாதங்கள் போக அதே தசை சுருங்கிக் கொழுப்பாகிவிடும்.

நீரிழிவு கட்டுப்பாட்டில் இல்லாதவருக்கு இதே கொழுப்பு மறைந்தால் முதலில் கரும்பூஞ்சையை நினைக்க வேண்டும். அது நாட்களில் பரவும், காத்திருக்காது.

வார்ட்டுத் தாதியர் பக்கமிருந்து

டொக்டர்மாருக்கு வணக்கம். நான் கேட்பது ஒன்றுதான்: 'நரம்புவழி' என்றால் எங்கள் நோயாளருக்கு என்ன விளங்கும் என்று யோசித்தீர்களா?

சேலைன் ஏற்றும்போது 'நரம்பு பிடிபடேல்லை' என்கிறோம். நாளத்தில் போடும் ஊசியை 'நரம்பூசி' என்கிறார்கள். கால் நாளம் புடைத்தவர் 'நரம்பு சுருண்டிட்டு' என்று வருகிறார். இங்குள்ள பேச்சில் நரம்பு இரத்தக்குழாயும்தான். ஆகவே 'நரம்புவழிப் பரவல்' என்று கேட்டவுடன் இரத்தத்தில் கலந்து உடம்பெல்லாம் போய்விட்டது என்றுதான் விளங்கும். இந்தப் புற்று பிறகு இரத்தவழியே நுரையீரலுக்கும் போகக்கூடியது என்று நீங்களே சொல்கிறீர்கள். அப்படியென்றால் இரண்டையும் பிரித்துச் சொல்ல முடியாமல் போய்விடும். 'வழி' என்ற சொல்லையே விடுங்கள்.

சித்த மருத்துவமும் தமிழும் படிப்பிக்கும் ஒருவர்

அக்கா சொல்வது சரி. பழைய சுவடிகளிலும் நாடி, நரம்பு என்ற பிரிப்பு இன்றைய உடற்கூற்றோடு ஒன்றுக்கொன்று பொருந்தி வராது. ஆனால் நரம்பைக் கைவிட முடியாது. இலங்கைப் பாடநூல்களில் நரம்பு, நாடி, நாளம் மூன்றும் நிலைத்துவிட்டன. 1847இல் யாழ்ப்பாணம் வந்து மானிப்பாயில் தமிழிலேயே மேலை மருத்துவம் கற்பித்த சாமுவேல் கிறீன் காலத்திலிருந்து வரும் உழைப்பு இது. நாம் மாற்ற வேண்டியது வினையை.

'பரவுதல்' என்றால் எல்லாப் பக்கமும் போவது. 'படர்தல்' என்றால் ஒன்றைப் பற்றிக்கொண்டு அதன் நீளத்துக்குப் போவது, முல்லைக்கொடி பந்தற்காலைப் பற்றி ஏறுவதுபோல. நீங்கள் சொல்லும் நடத்தை இரண்டாவதுதான். 'வழி' என்பதற்குப் பதில் 'ஒட்டி'. ஒட்டிப் போவது உள்ளே ஓடுவதாகாது, குழாய் என்ற எண்ணமும் வராது. நரம்பொட்டிப் படர்வு. நோயியலார் காண்பதற்கு நரம்புறை ஊடுருவல். ஒன்றில் உறை, மற்றதில் ஒட்டுதல். ஒன்றில் நுழைவு, மற்றதில் நீளம். கேட்கும் காதிலேயே இரண்டும் பிரிந்துவிடும்.

'நரம்பணை பரவல்' என்றும் சிலர் எழுதுகிறார்கள். அணை என்றால் இங்கே குளக்கட்டு. வேண்டாம்.

வார்ட்டுத் தாதியர் பக்கமிருந்து

ஐயா, படர்வு என்றால் படர்தாமரை என்று தோல் நோயை நினைப்பார்களே?

சித்த மருத்துவமும் தமிழும் படிப்பிக்கும் ஒருவர்

தனியாக 'படர்வு' என்று எழுதினால் அந்தக் குழப்பம் வரும். 'நரம்பொட்டி' முன்னால் இல்லாமல் அதை எங்கும் எழுதக்கூடாது என்று கைந்நூலில் வைத்துக்கொள்ளலாம்.

கதிர்ச் சிகிச்சைப் பக்கமிருந்து

இரண்டு சொல் என்பதை நான் முழுமனதோடு ஆதரிக்கிறேன். எனக்கு இது கதிர் எந்த இடம்வரை போக வேண்டும் என்ற கேள்வி.

சத்திரசிகிச்சைக்குப் பின், கட்டி இருந்த படுகைக்கு வழமையாக நாளுக்கு 2 கிரே (கதிரளவின் அலகு) வீதம் 60 முதல் 66 கிரே கொடுக்கிறோம், 30 முதல் 33 தடவை. புண் ஆறியதும், முடிந்தவரை 6 வாரங்களுக்குள் தொடங்குவது நல்லது. அறிக்கையில் வெறும் நரம்புறை ஊடுருவல், அதுவும் பெயரில்லாச் சிறு நரம்பில் என்றால் படுகையோடு பெரும்பாலும் நின்றுகொள்ளலாம். அண்ண நரம்பு, கண்குழிக்கீழ் நரம்பு என்று பெயருள்ள ஒன்று பிடிபட்டிருந்தால் அந்த நரம்பின் பாதையை மண்டையடித் துளை வரை சேர்த்து வரைய வேண்டும். ஸ்கானிலேயே நரம்பொட்டிப் படர்வு தெரிந்தால், தெரியும் எல்லைக்கும் அப்பால், மெக்கல் குகை வரை யோசிக்க வேண்டும். அங்கே கை கட்டுப்படுகிறது. பார்வை நரம்புக்கும் மூளைத்தண்டுக்கும் ஏறத்தாழ 54 கிரேக்கு மேல் போகப் பயம். தெரியும் கட்டிக்கோ 70 கிரேயளவு தேவைப்படலாம். கட்டிக்கு அப்பால் குறைவாகவே போகும் புரோட்டன், கார்பன் கதிர்களைத் தேடிப் போவது இந்த இடைவெளியால்தான். மூன்று சொற்களில் எழுதிய ஓர் அறிக்கை வரி இவ்வளவையும் தீர்மானிக்கிறது.

இன்னுமொன்று சேருங்கள். இந்தப் படர்வு சில வேளை இடையில் விட்டு, அப்பால் மீண்டும் தெரியும். அதனால் வெட்டு விளிம்பு சுத்தம் என்ற அறிக்கை வந்தாலும் நரம்பின் மேற்பகுதி சுத்தம் என்று அர்த்தமில்லை. 'விட்டுவிட்டுப் படர்தல்' என்று வைக்கலாமா? திசைக்கும் சொல் வேண்டும். மூளையை நோக்கிப் போவதை மட்டும் எல்லோரும் நினைக்கிறார்கள். சிறகண்ணக் குழிக்கு வந்த நோய் விடியன் கால்வாய் என்ற எலும்புப் பாதை வழியே பின்னால் போய் முக நரம்பையும் சேரலாம், கண்குழிக்கீழ் நரம்பு வழியே சொக்கைக்குத் திரும்பவும் இறங்கலாம்.

காது மூக்கு தொண்டைப் பிரிவிலிருந்து

என் முன்மொழிவை மீளப் பெறுகிறேன். நரம்பொட்டிப் படர்வு, நரம்புறை ஊடுருவல், விட்டுவிட்டுப் படர்தல் மூன்றும் போகட்டும். திசைக்கு, மூளையை நோக்கினால் 'உள்முகம்', முகத்தை நோக்கினால் 'வெளிமுகம்' போதும்.

நோயின் பெயரைத் தமிழாக்க வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. 'சிஸ்டிக்' என்பதைப் பை என்றோ நீர்க்கட்டி என்றோ மாற்றினால் தண்ணீர்க் கட்டிதானே, வற்றிவிடும் என்று வீட்டுக்குப் போய்விடுவார்கள். சல்லடைப் புற்று என்றும் சொல்ல முடியாது. சல்லடைபோல் தெரிவது ஒரு வகை மட்டும். குழல் வகையும் திண்ம வகையும் உண்டு, அவற்றுள் திண்ம வகையே மோசமானது. ஒலிபெயர்ப்பே இருக்கட்டும். 5 ஆண்டு கடந்துவிட்டது, இனிப் பயமில்லை என்ற வழமையான கணக்கு இதற்குச் செல்லாது, 10 ஆண்டுக்குப் பிறகும் திரும்பும் என்பதைத் தடித்த எழுத்தில் போடுங்கள்.

சோதனைக்கு இழையம் எடுப்பது பற்றி ஓர் எச்சரிக்கையும் சேர வேண்டும். பதின்ம வயதுப் பையன், ஒரு பக்க மூக்கடைப்பு, மூக்கால் இரத்தம், ஸ்கானில் மேற்றாடைக் காற்றறையின் பின்சுவர் முன்னால் வளைந்திருக்கிறது என்றால் அது இரத்தக்குழாய்கள் நிறைந்த அஞ்சியோபைப்ரோமா என்ற கட்டியாக இருக்கக்கூடும். கிளினிக்கில் இடுக்கி வைத்தால் இரத்தம் நிற்காது. அவனுக்கு ஸ்கானே போதும், பிறகு சத்திரசிகிச்சைக்கு 1 முதல் 3 நாள் முன் இரத்தக்குழாயை அடைப்பது. அப்படியல்லாத வயது வந்தவருக்குச் சிறகண்ணக் குழியிலிருந்து இழையம் தேவையென்றால், மூக்குவழி அகநோக்கியால் காற்றறை வாயை அகலத் திறந்து, பின்சுவரை எலும்பு கடிக்கும் இடுக்கியால் சிறிது சிறிதாக எடுத்து, எலும்புறையை வெட்டினால் கொழுப்பு தெரியும். முதலில் எதிர்ப்படுவன நாடிகள், நரம்புகள் அவற்றுக்குப் பின்னால். அவசரப்பட்டுக் கொழுப்புக்குள் கத்தியை விட்டால் மேற்றாடை நாடி அறும். கவனமாகக் கிளிப் போட்டு ஒதுக்க வேண்டும். அங்குள்ள, கண்ணீர் சுரக்கச் செய்யும் நரம்புக் கணு காயப்பட்டால் அந்தப் பக்கக் கண் வறளும். கண்ணின் உணர்வும் ஏற்கெனவே போயிருந்தால் கருவிழி புண்ணாகிப் பார்வைக்கே ஆபத்து. ஆகவே சொட்டு மருந்து அன்றே தொடங்க வேண்டும். கன்னப்பொறிக்கீழ்க் குழிக் கட்டி என்றால் சீ.ரீ. பார்த்து, கன்ன எலும்பு வளைவுக்குக் கீழால் ஊசி செலுத்துவது பெரும்பாலும் போதும்.

பல் கிளினிக் பக்கத்துக்கு இந்த வரிகளை எழுதியிருக்கிறேன். திருத்துங்கள்: "பல்லில் குறையில்லாமல் மேல்முரசு, சொக்கை, மேலுதடு ஒரு பக்கம் விறைத்தாலோ, வாய் திறக்கும் அளவு 35 மில்லிமீற்றருக்குக் குறைந்தாலோ, வளர்ந்தவருக்கு ஒரு காதில் மட்டும் நீர் தேங்கினாலோ பல்லைப் பிடுங்குமுன் எங்களுக்கு அனுப்புங்கள்."

நோயாளருக்கு: "உங்கள் கட்டி முகத்திலுள்ள உணர்வு நரம்பு ஒன்றை ஒட்டிப் படர்ந்துள்ளது. இரத்தத்தில் கலந்ததாக இதற்கு அர்த்தமில்லை. எவ்வளவு தூரம் படர்ந்துள்ளது என்பதை எம்.ஆர்.ஐ. ஸ்கான் காட்டும்."

வார்ட்டுத் தாதியர் பக்கமிருந்து

இதை நோயாளருக்கு வாசித்துக் காட்டலாம், டொக்டர். 'உணர்வு நரம்பு' என்பதற்குப் பிறகு 'ஊசி போடும் நரம்பல்ல' என்றும் சேர்த்துவிடுங்கள். சிங்களத்திலும் இதே வரி வேண்டும், நரம்புக்கு அங்கே என்ன சொல் எழுதுவது என்று தமிழ் வரி முடிந்தபின் கேட்போம்.