மறு: கயாக்காரர்களின் 'ஹோல்': சுழியா, மடக்கலையா?

நண்பர்களே, வணக்கம். கயாக் என்னும் சிறு துடுப்புப் படகை வேக ஆற்றில் ஓட்டுகிறவர்கள், படகைப் பிடித்து வைத்துக்கொள்ளும் ஒருவகை நீரோட்டத்தை 'ஹோல்' (hole) என்கிறார்கள். அதற்குத் தமிழ்ச்சொல் என்ன என்ற நம் குழுப் பேச்சுக்கு என் பதில் இது.

> ஹோல் என்றால் நீர்ச்சுழிதானே? இருக்கிற சொல்லை விட்டுவிட்டுப் புதுசு எதற்கு?

இதில் எனக்கு உடன்பாடில்லை ஐயா. சுழியில் தண்ணீர் பம்பரம்போல நின்ற அச்சில் சுற்றும். ஹோலில் அச்சு ஆற்றுக்குக் குறுக்கே படுத்துக் கிடக்கும். பாறைப் படியைத் தாண்டி விழும் நீர் அடியோடு ஓடி, சற்றுத் தள்ளி மேலே எழும்பும்; மேல்நீரோ திரும்பிப் படியை நோக்கியே வரும். அதில் குறுக்காக மாட்டும் கயாக் அங்கேயே கிடந்து புரளும். நுரையில் காற்று கலந்திருப்பதால் மிதப்பும் குறைவு.

பெரிய பாறையின் முதுகுப்புறம் திரும்பும் அமைதியான நீர் வேறு, அது எடி (eddy). துடுப்பு போடுகிறவர்கள் மூச்சு வாங்குவது அங்கேதான். 'ஒதுங்குநீர்' என்று வைக்கலாம். இரண்டையும் சுழி என்றால், ஒதுங்க வேண்டிய இடமும் ஒதுங்கிப் போக வேண்டிய இடமும் ஒன்றாகிவிடும்.

'உருட்டு' என்ற பரிந்துரையும் வந்தது. பொருள் பொருந்துகிறது. ஆனால் எங்கள் தண்டையார்பேட்டையில் 'உருட்டாதே' என்றால் யாருக்கும் ஆறு ஞாபகம் வராது!

என் பரிந்துரை 'மடக்கலை': மடங்கித் தன்மேலேயே விழும் அலை.

வகைகளுக்கும் பெயர் வேண்டும். வகையை முடிவு செய்வது பாறை. கயாக் போட்டி நடக்கும், கேரளத்தின் கோடஞ்சேரிப் பக்கத்துச் சாலிப்புழா, இருவஞ்சிப்புழா ஆறுகளை எடுத்துக்கொள்ளுங்கள். மேற்குத் தொடர்ச்சி மலையின் நைஸ், சார்னோக்கைட் பாறைகள் (நம் பல்லாவரத்துக் கல்லும் சார்னோக்கைட்தான்) வெடிப்பு வழியே பிளந்து குண்டுகுண்டாக ஆற்றில் விழும். நீர் பல கிளையாகப் பிரிவதால் மடக்கலைகளும் துண்டு துண்டாக, நடுவே சந்து விட்டு நிற்கும். கடினப் பாறை அடுக்கு கிடைமட்டமாகக் கிடந்தால் கதை வேறு: கரைக்குக் கரை ஒரே படி, ஒரே மடக்கலை. பாறையும் நிலையாக இருக்காது. அமெரிக்காவின் கொலராடோ ஆற்றில் கிரிஸ்டல் ரேப்பிட் என்ற வேகநீர்ப் பகுதி, 1966 டிசம்பரில் பக்க ஓடை தள்ளிவந்த கற்களால்தான் முரடானது.

மடக்கலையின் இரு முனைகளும் கீழாற்றுப் பக்கம் வளைந்திருந்தால் ஓரமாக நகர்ந்து வெளியேறலாம்: 'திறந்த மடக்கலை'. மேலாற்றுப் பக்கம் வளைந்தால் நடுவுக்கே இழுக்கும்: 'மூடிய மடக்கலை'. ஆங்கிலத்தில் சிரிப்பது, முகம் சுளிப்பது என்கிறார்கள். கீழே நின்று பார்த்தால் இரண்டும் தலைகீழாகத் தெரியும். அதனால் அதை எடுக்கவில்லை.

> வடசென்னையில் மலையே இல்லை. இந்தச் சொல் யாருக்கு அண்ணே?

மலை இல்லைதான். ஆனால் பூண்டி ஏரியைத் திறந்துவிட்டால் கொசஸ்தலையாற்று வெள்ளம் அணைக்கட்டுகளைத் தாண்டித்தான் எண்ணூர் முகத்துவாரத்துக்கு வரும். பாறைக்கு இருக்கும் கோணல் கட்டிய சுவருக்கு இல்லை. அதனால் சந்து விடாத மடக்கலை அதன் காலடியிலும் உண்டாகும். மேலே பார்த்தால் கொஞ்சம் நுரை, அவ்வளவுதான். 'சுழல் உள்ளது' என்று பலகை வைத்தால், குளிக்க வரும் பையன் சுழலைத் தேடுவான், காணவில்லை என்று குதிப்பான். 'தண்ணீர் பின்னால் இழுக்கும், மடக்கலை' என்று எழுதலாமே.

குழுவில் துடுப்பு போடுகிறவர்கள் யாராவது 'திறந்த', 'மூடிய' என்பவை ஓடும் ஆற்றில் கத்திச் சொல்லத் தோதானவையா என்று சொல்லுங்கள். 'மூடிய' கொஞ்சம் அமுங்கி ஒலிக்கிறதோ என்று சந்தேகம்.

அன்புடன்,
தண்டையார்பேட்டையிலிருந்து